ஸ்கோப் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்து சேனல் கோளாறைப் பிடிக்கும் வழி

எண்டோஸ்கோப்பி அறையில் ஒரு ஸ்கோப் தகராறு செய்தாலோ, கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிருமி வந்தாலோ, ‘இன்னொரு தடவை சைடெக்ஸில் (கிருமிநாசினியில்) போட்டு எடுத்துடலாம்’ என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அதனால் பயன் இருக்காது. ஸ்கோப்புக்குள் ஓடும் குழாயின், அதாவது சேனலின், உள்சுவரில் அழுக்கு ஒட்டியிருந்தால் கிருமிநாசினி அதன் மேலே ஓடிப் போகும், அடியில் இருக்கும் கிருமியைத் தொடாது. குளூட்டரால்டிஹைடு போன்ற மருந்துகள் மிச்சமிருக்கும் புரதத்தை அங்கேயே இறுக வைத்து, அடுத்த தடவை தேய்ப்பதையும் கடினமாக்கிவிடும். காரணத்தைத் தேடிக்கொண்டு போனால், நோயாளியிடமிருந்து ஸ்கோப்பை வெளியே எடுத்த முதல் பத்து நிமிடத்திலோ, அலமாரியில் தொங்கவிடுவதற்கு முந்தைய கடைசிப் பத்து நிமிடத்திலோதான் அநேகமாகப் போய் நிற்போம்.

வயிறும் குடலும் பார்த்து வந்த ஸ்கோப்பின் சேனலில் பாக்டீரியா கோடிக்கணக்கில் இருக்கும். ஆயிரம் கோடி வரைகூட அளந்திருக்கிறார்கள். கையால் ஒழுங்காகக் கழுவித் தேய்த்தாலே அது பத்தாயிரத்தில் ஒரு பங்காகவோ, பத்து லட்சத்தில் ஒரு பங்காகவோ குறைந்துவிடுகிறது. மருந்துக்கு மிச்சம் இருக்கும் வேலை அவ்வளவுதான்.

இங்கே இருப்பவை வயிற்று ஸ்கோப், பெருங்குடல் ஸ்கோப் இரண்டையும் மனதில் வைத்து எழுதியவை. பித்தநாளம், கணைய நாளம் பார்க்கும் ஈ.ஆர்.சி.பி. ஸ்கோப்புக்குத் தனி இடம் பின்னால் வருகிறது. மாடலுக்கு மாடல் விவரம் மாறும். எங்காவது இதற்கும் கம்பெனி கையேட்டுக்கும் முரண் தெரிந்தால் கையேட்டின் பக்கம் நில்லுங்கள்.

முதலில், எந்தக் குழாய் எங்கே போகிறது

இது தெரியாமல் அறிகுறியை வைத்து எதையும் பிடிக்க முடியாது. பெரிய சேனல் ஒன்று. வயிற்று ஸ்கோப்பில் அதன் உள்விட்டம் வழக்கமாக 2.8 மி.மீ., பெருங்குடல் ஸ்கோப்பில் 3.7 மி.மீ. அளவில். நுனியிலிருந்து கைப்பிடியில் உள்ள பயாப்ஸி வாய் வரை வந்து, சக்‌ஷன் வால்வு உட்காரும் குழியில் சேர்ந்து, அங்கிருந்து ஒயர்க் குழாய் வழியாக லைட் சோர்ஸ் பக்கத்துச் சக்‌ஷன் முனை வரை போகிறது. ஃபோர்செப்ஸ் (சதைத் துணுக்கு எடுக்கும் இடுக்கி) போவது முன்பாதியில் மட்டும். ரத்தமும் மலமும் சளியும் போவது முழு நீளத்திலும். பலர் பிரஷ் போடாமல் விடும் இடம் அந்தப் பின்பாதிதான்.

காற்றுக்கும் தண்ணீருக்கும் தனித்தனிச் சேனல்கள். இரண்டும் மிகக் குறுகல். நுனிக்குச் சற்று முன்னால் ஒன்றாகி, லென்ஸைப் பார்த்த சின்ன நாசில் வழியாக வெளியே வருகின்றன. பெரும்பாலான மாடல்களில் இவற்றுக்குள் பிரஷ் போகாது. பீய்ச்சிக் கழுவுவது ஒன்றுதான் வழி. சில ஸ்கோப்பில் கூடுதலாக வாட்டர் ஜெட் சேனல் இருக்கும். அன்றைக்கு ஜெட்டையே பயன்படுத்தவில்லை என்றாலும் அதையும் ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும், ஏனென்றால் அதன் வாய் நோயாளியின் உள்ளே திறந்துதான் இருந்தது.

“சிஸ்டர், தண்ணி அடிக்கல, லென்ஸ் மங்கலாவே இருக்கு”

ஸ்கோப்பைக் குறை சொல்லும் முன் அதே மெஷினில் வேறொரு ஸ்கோப்பை மாட்டிப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் கோளாறு வெளியே இருக்கிறது. காற்றுப் பம்ப் ஆஃப் ஆகியிருக்கும், தண்ணீர் பாட்டில் மூடி சரியாக இறுகியிருக்காது, மூடியின் ரப்பர் வளையம் கழுவும்போது தொலைந்திருக்கும், அல்லது பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பியிருப்பார்கள். பாட்டிலில் மேலே காற்றுக்கு இடம் வேண்டும். முக்கால் பங்குக்குக் கீழே நிறுத்துவது நல்லது.

இந்த ஸ்கோப்பில் மட்டும்தான் என்றால் அடுத்தது வால்வு. காற்று-தண்ணீர் வால்வை நல்ல நிலையில் உள்ள இன்னொன்றோடு மாற்றிப் பாருங்கள். ரப்பர் தேய்ந்த வால்வு தண்ணீரைக் காற்றுப் பக்கம் கசியவிடும். அழுத்தாமலே நுனியில் சொட்டும். வால்வைக் கழற்றி, அழுத்தி விட்டு அழுத்தி விட்டு, புரத அழுக்கைக் கரைக்கும் என்சைம் கரைசலில் தேய்க்காதவர்களுக்கு இது சீக்கிரமே வரும்.

வால்வும் சரி என்றால் நாசில். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனியை முக்கி, வால்வுத் துளையை விரலால் மூடுங்கள். குமிழ் சீராக வர வேண்டும். நுனியை வெளியே எடுத்து வால்வை அழுத்தினால் தண்ணீர் லென்ஸின் குறுக்கே வழித்துக்கொண்டு பாய வேண்டும். பக்கவாட்டில் தெறித்தாலோ, சொட்டுச் சொட்டாக வந்தாலோ நாசில் பாதி அடைத்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது.

அடைப்பு உள்ளே உருவாகும் விதம் எளிது. டாக்டர் காற்றை நிறுத்தும் நேரமெல்லாம் குடல் திரவம் நாசில் வழியாகப் பின்னால் ஏறும். கேஸ் முடிந்ததும் அது அங்கேயே காயும். இதைத் தடுக்கத்தான் காற்று-தண்ணீர் வால்வின் இடத்தில் மாட்டும் கழுவு அடாப்டர் கொடுத்திருக்கிறார்கள். படுக்கையருகிலேயே அதை மாட்டி 30 விநாடி தண்ணீர், 10 விநாடி காற்று என்பதுதான் வழக்கமான கணக்கு. அந்த அடாப்டர் ஸ்கோப் வந்த பெட்டியிலேயே, பிரிக்காத கவரோடு கிடக்கும் யூனிட்டுகளும் உண்டு. ஒரு எச்சரிக்கை: அடாப்டரோடு ஸ்கோப்பை நோயாளிக்குப் போடவே கூடாது, அது நிறுத்தாமல் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும்.

அடைத்துவிட்ட நாசிலுக்கு: நுனியை வெதுவெதுப்பான என்சைம் கரைசலில் ஊறவிட்டு, எல்லாச் சேனலுக்கும் பீய்ச்சும் இணைப்புக் குழாயை மாட்டி, சிரிஞ்சால் மெதுவாகத் தள்ளுங்கள். ஊறும் நேரம் பாட்டில் லேபிளில் உள்ளபடி. ஒரு சுற்று போதவில்லை என்றால் புதுக் கரைசலில் இன்னொரு சுற்று. அதற்கும் திறக்கவில்லையா, சர்வீஸுக்கு அனுப்பிவிடுங்கள். ஊசி, ஸ்டைலெட், ஸ்டேப்ளர் பின் எதையும் உள்ளே விட வேண்டாம். நாசிலை உட்கார வைத்திருப்பது பசை. குத்தினால் பசை விடும், அந்த வழியில் தண்ணீர் உள்ளே போய் கேமராவைத் தின்றுவிடும். நாசில் மாற்றும் செலவும் கேமரா மாற்றும் செலவும் ஒன்றல்ல.

சக்‌ஷன் மந்தம்

இதில் பாதி கேஸ் பயாப்ஸி வாயின் ரப்பர் மூடியோடு முடிந்துவிடும். ஃபோர்செப்ஸ் போய்ப் போய்க் கிழிந்த மூடி வழியாகக் காற்று உள்ளே இழுக்கும். நுனியில் இழுவை இருக்காது. விரலால் மூடியை அழுத்திப் பிடித்ததும் சக்‌ஷன் கூடினால், மூடியை மாற்றுங்கள், வேலை முடிந்தது. இல்லாவிட்டால் சக்‌ஷன் பாட்டில் நிறைந்திருக்கிறதா, டியூப் மடங்கியிருக்கிறதா, வால்வு முழுசாக இறங்குகிறதா என்று பாருங்கள். அதெல்லாம் சரியென்றால் சேனலுக்குள் ரத்தக்கட்டியோ சாப்பாட்டுத் துணுக்கோ நிற்கிறது. கேஸ் நடுவில் என்றால் பயாப்ஸி வாய் வழியாகச் சிரிஞ்சில் தண்ணீர் தள்ளிப் பார்க்கலாம். கேஸ் முடிந்த பின் என்றால் பிரஷ்.

பிரஷ் போகவில்லை, அல்லது எத்தனை தடவை போட்டாலும் அழுக்காகவே வருகிறது

கழுவும் வேலையின் உயிர்நாடி இது. அதனால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

பிரஷ் போட வேண்டிய பாதைகள் மூன்று. சக்‌ஷன் வால்வுக் குழிக்குள் பார்த்தால் பக்கச் சுவரில் ஒரு துளை தெரியும். அதற்குள் 45 டிகிரி சாய்த்து விட்டால் பிரஷ் நுனி வரை போய் வெளியே எட்டிப் பார்க்கும். அதே குழியில் நேராக விட்டால் ஒயர்க் குழாய் வழியாகப் போய் சக்‌ஷன் முனையில் வெளிவரும். மூன்றாவது, பயாப்ஸி வாயையும் வால்வுக் குழிகளையும் குட்டையான தடித்த பிரஷால் சுழற்றித் தேய்ப்பது. சாய்க்க வேண்டிய இடத்தில் நேராக விட்டுவிட்டு, ஒரே பாதையை இரண்டு முறை தேய்த்தவர்கள் இரண்டும் முடிந்ததாக நினைத்துக்கொள்வார்கள். பிரஷின் தலை எந்த முனையில் வெளியே வந்தது என்று கண்ணால் பார்த்தால் இந்தக் குழப்பமே இல்லை.

ஒவ்வொரு முறையும் தலை வெளியே வந்ததும் இழுத்துவிடாதீர்கள். தொட்டிக்குள்ளேயே, கரைசலுக்கு அடியில், விரல் நுனியால் மயிரைப் பிரித்து அலசுங்கள். நேற்று ரத்த வாந்தி கேஸுக்குப் போன ஸ்கோப் என்றால் அந்த நேரத்தில் பிரஷ் மயிருக்கு நடுவே தேன் நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம் தெரியும். விரலில் வழுக்கும், கசக்கினால் நூலாகப் பிரியும். அதை அலசாமல் பின்னால் இழுத்தால், நுனியில் இருந்ததை வழி நெடுகப் பூசிக்கொண்டு வருகிறீர்கள். அலசு, இழு, மறுபடி அலசு, மறுபடி விடு. மயிர் சுத்தமாக வரும் வரை. ‘மூன்று முறை’ என்று சுவரில் ஒட்டியிருக்கும் கணக்கு குறைந்தபட்சம் மட்டுமே.

எத்தனை முறை போட்டும் அழுக்கு நிற்கவில்லை என்றால் பார்க்க வேண்டியவை: பிரஷ் அளவு சேனலுக்குச் சரியா? 2.8 மி.மீ. சேனலுக்கான பிரஷைப் பெரிய சேனலில் விட்டால் அது சுவரைத் தொடாமல் நடுவில் நீந்திப் போகும். மயிர் ஒரு பக்கம் படுத்துப் போயிருக்கிறதா? ஒரு தடவைக்கு மட்டும் என்று எழுதிய பிரஷை வாரக்கணக்கில் ஓட்டும் பழக்கம் நம்மூரில் சகஜம். தேய்ந்த பிரஷ் சுத்தம் செய்யாது, அதன் கம்பி நுனி சேனலைக் கீறவும் செய்யும். கீறலில்தான் அடுத்த நாள் அழுக்கு தங்கும். கரைசல் எப்படி? ஒரு ஸ்கோப்புக்கு ஒரு தொட்டிக் கரைசல் என்பதுதான் விதி. காலையில் கலக்கியதை மதியம் வரை வைத்திருந்தால் அது என்சைம் கரைசல் இல்லை, முந்தைய நோயாளிகளின் சாறு. அளவைக் குத்துமதிப்பாக ஊற்றாமல் மூடியில் அளந்து ஊற்றுங்கள். வெந்நீரில் சீக்கிரம் போகும் என்று கொதிக்கக் கொதிக்க ஊற்றுபவர்களும் உண்டு; சூட்டில் முட்டை வெள்ளை போல ரத்தப் புரதம் உறைந்து ஒட்டிக்கொள்ளும், என்சைமும் செத்துப்போகும்.

பிரஷ் பாதியில் நின்றால் வலுக்கட்டாயமாகத் தள்ளாதீர்கள். ஸ்கோப்பை நேராக நீட்டி, நுனியைத் திருப்பும் சக்கரங்களின் பூட்டை எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். அப்போதும் எப்போதும் ஒரே இடத்தில் தட்டினால் சேனல் மடிந்திருக்கலாம், கிளிப்போ உடைந்த ஃபோர்செப்ஸ் துண்டோ சிக்கியிருக்கலாம். போரோஸ்கோப் (சேனலுக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமரா) இருக்கும் யூனிட்டில் உள்ளே பார்த்துவிடலாம். கீறல், உரிந்த நார், துருநிறம், தங்கிய நீர் எல்லாம் தெரியும். இல்லாதவர்கள் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிறது, ஆனால் நம்பிக்கை வரவில்லை என்றால், உயிரணுக்களின் மிச்சத்தைக் காட்டும் ஏ.டி.பி. பரிசோதனை உண்டு. சேனலைக் கழுவிய நீரில் குச்சியை நனைத்து மெஷினில் வைத்தால் சில நொடிகளில் ஒரு எண் வரும். சில மெஷினுக்கு 200-க்குக் கீழே என்பது எல்லை. ஒரு கம்பெனி மெஷினின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. இது கழுவியது போதுமா என்றுதான் சொல்லும். கிருமி இருக்கிறதா இல்லையா என்று சொல்லாது. அதனால் கிருமிநாசினிக்கு முன்னால் செய்யுங்கள்.

ராத்திரி கேஸ், காலையில்தான் கழுவினோம்

பொதுவாக 60 நிமிடத்துக்குள் கையால் கழுவத் தொடங்க வேண்டும். தாண்டிவிட்டால் வழக்கமான சுற்று போதாது. கையேட்டில் தாமதக் கழுவலுக்கென்று தனியாக நீண்ட ஊறவைத்தல் இருக்கும், அதைப் பின்பற்றுங்கள். ஊறவைக்கும் முன் லீக் டெஸ்ட் (உள்ளே காற்றழுத்தம் ஏற்றி ஓட்டை தேடும் சோதனை) கட்டாயம். ராத்திரி டியூட்டிக்கு ஒரே ஆள் என்றால் முழுக் கழுவலை அவர் தலையில் கட்ட முடியாதுதான். ஆனால் படுக்கையருகே துடைத்து, கரைசலை உறிஞ்ச விட்டு, அடாப்டரால் கழுவுவதற்குச் சில நிமிடம் போதும். அதைக்கூடச் செய்யாமல் விட்ட ஸ்கோப்பைக் காலையில் எடுப்பவருக்கு அரை நாள் போய்விடும். எந்த மணிக்கு வெளியே எடுத்தோம் என்று ஒரு சீட்டில் எழுதி ஸ்கோப்போடு கட்டிவிட்டால், காலை ஷிஃப்ட் ஆள் ஊகிக்க வேண்டியிருக்காது.

லீக் டெஸ்டில் குமிழ்

தண்ணீரில் போட்டதும் கைப்பிடியின் இடுக்கில் ஒட்டியிருந்த காற்று இரண்டு மூன்று குமிழாக வந்து நின்றுவிடும். அது லீக் இல்லை. ஒரே இடத்திலிருந்து, சரம் போல, நிற்காமல் வருவதுதான் லீக். நுனியை நான்கு பக்கமும் முழுசாகத் திருப்பி, குறைந்தது அரை நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். வளையும் ரப்பரில் உள்ள ஊசித் துளை நேராக இருக்கும்போது மூடிக்கொண்டு, வளைத்தால்தான் திறக்கும். கைப்பிடியில் உள்ள பட்டன்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். முதலில் வெளியே வைத்தே அழுத்தம் ஏற்றி, வளையும் ரப்பர் உப்புகிறதா, அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறக்குவது பாதுகாப்பு.

குமிழ் வரும் இடம் காரணத்தைச் சொல்லும். பயாப்ஸி வாயிலிருந்தோ நுனியின் சேனல் வாயிலிருந்தோ வந்தால் உள்சேனல் கிழிந்திருக்கிறது. பெரும்பாலும் மூடாத ஊசியோ முரட்டு ஃபோர்செப்ஸோ செய்த வேலை. வளையும் பகுதியிலிருந்து என்றால் ரப்பர் போய்விட்டது. எதுவானாலும் அந்த ஸ்கோப் அன்றைக்கு ஓய்வு. தொட்டியிலிருந்து வெளியே எடுத்த பிறகுதான் அழுத்தத்தை நிறுத்தி டெஸ்டரைக் கழற்ற வேண்டும். தண்ணீருக்குள்ளேயே கழற்றினால் லீக் இல்லாத ஸ்கோப்பும் நனைந்துவிடும்.

ஈ.டி.ஓ. (எத்திலீன் ஆக்சைடு) வாயு மூடி பற்றி ஒரு வார்த்தை. வாயுவில் சுத்திகரிக்கும்போதும் விமானத்தில் அனுப்பும்போதும் அது மாட்டியிருக்க வேண்டும். தண்ணீரில் முக்கும்போது மாட்டியிருக்கக் கூடாது. அது ஸ்கோப்பின் உள்ளே காற்று போய்வரத் திறந்துவிடும் மூடி. மறந்துபோய் அதோடு தொட்டியில் போட்டால் தண்ணீர் நேராக உள்ளே.

சாம்பல் நிறக் கறை

ஓ.பி.ஏ. (ஆர்த்தோ-தாலால்டிஹைடு) என்ற கிருமிநாசினி மருந்து புரதத்தைச் சாம்பல் நிறமாக்கும். கையுறை இல்லாமல் தொட்டால் விரல் கறுப்பதும் இதனால்தான். ஆகவே மருந்தில் முக்கி எடுத்த ஸ்கோப்பின் நுனியிலோ வால்வுக் குழியிலோ சாம்பல் கறை தெரிந்தால் மருந்தைக் குறை சொல்லாதீர்கள். அங்கே கழுவப்படாத புரதம் இருந்தது என்று அது காட்டிக்கொடுக்கிறது. கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே இப்படியென்றால் சேனலுக்குள் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் படியிலிருந்து கழுவலைத் தொடங்குங்கள்.

வெள்ளைப் படிவு, அல்லது காயாத எண்ணெய்ச் சொட்டு

இரண்டும் வேறு வேறு. வெள்ளையாக, பொருக்காக, நாசில் வாயிலும் வால்வுக் குழியிலும் படிந்தால் உப்புத் தண்ணீர். போர் தண்ணீரில் கடைசி அலசல் நடக்கும் இடங்களில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கடைசி அலசலுக்கு 0.2 மைக்ரான் ஃபில்டர் வழியாக வந்த தண்ணீர் வேண்டும். உப்பைக் குறைக்க அதற்கு முன்னால் ஆர்.ஓ. வேண்டும், ஏனென்றால் ஃபில்டர் கிருமியைப் பிடிக்குமே தவிர கரைந்த உப்பைப் பிடிக்காது.

நிறமில்லாமல், பிசுபிசுப்பாக, காற்று அடித்தும் காயாத சொட்டு என்றால் சைமெத்திகோன் என்று சந்தேகப்படுங்கள். குடலில் நுரை தெரிந்தால் டாக்டர்கள் தண்ணீரில் கலந்து அடிப்பார்களே, அதேதான். அது சிலிக்கோன் வகை. தண்ணீரோடு சேராது, சாதாரணக் கழுவலில் முழுசாகப் போகாது. முழுக் கழுவலும் கிருமிநீக்கமும் முடிந்த ஸ்கோப்புகளுக்குள் அதன் மிச்சம் போரோஸ்கோப்பில் தெரிந்ததை 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மருந்தே வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் பாட்டிலிலும் ஜெட் சேனலிலும் கலக்க வேண்டாம், மிகக் குறைந்த அளவில் பயாப்ஸி வாய் வழியாகச் சிரிஞ்சில் கொடுங்கள் என்று சொல்லலாம். அந்தச் சேனலில் பிரஷ் போகும். மற்ற இரண்டில் போகாது.

காலையில் எடுத்தால் நுனியில் ஈரம், அல்லது நாற்றம்

உள்ளே காயாமல் தொங்கியிருக்கிறது. ஈரமான சேனலில் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு பாக்டீரியா ராத்திரியோடு ராத்திரியாகப் பெருகிவிடும், அதுவும் நம்மூர் வெக்கையில். வடிகட்டிய காற்றை எல்லாச் சேனல்களிலும் குறைந்தது 10 நிமிடம் செலுத்த வேண்டும் என்று இப்போதைய அமெரிக்கத் தரநிலை சொல்கிறது. சிரிஞ்சால் நாலு தடவை காற்றுத் தள்ளுவது இதற்கு ஈடாகாது. ஆல்கஹால் பீய்ச்சுவது பற்றிக் கையேடு சொல்வதைச் செய்யுங்கள்; ஆல்கஹால் விட்டாலும் காற்று விட்டே ஆக வேண்டும்.

காய்ந்ததா என்று தெரிய ஒரு சுலப வழி: காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே நுனியை ஒரு சின்னக் கண்ணாடிக்கு நேரே பிடியுங்கள். பனி பிடித்தாலோ பொட்டுப் பொட்டாகத் தெறித்தாலோ இன்னும் ஈரம். கோபால்ட் குளோரைடு தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. ஈரம் பட்டால் நீலம் இளஞ்சிவப்பாகும். அப்புறம், தொங்கவிடும்போது வால்வுகளும் மூடிகளும் கழற்றியே இருக்க வேண்டும், ஸ்கோப் நேராகத் தொங்க வேண்டும். ஸ்பாஞ்ச் வைத்த பெட்டிக்குள் சுருட்டி வைப்பது ஊருக்கு அனுப்பும்போது மட்டும்.

கல்ச்சரில் கிருமி வந்திருக்கிறது

எத்தனை என்பதைவிட எது என்பது முக்கியம். ஐரோப்பிய வழிகாட்டியின்படி ஒரு சேனலுக்கு 20 காலனிக்கு (கல்ச்சரில் வளரும் கிருமிக் கூட்டத்துக்கு)க் குறைவாக இருக்கலாம், ஆனால் ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டிரோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்றவை இருக்கவே கூடாது. குடல் கிருமிகள் வந்தால் கழுவலிலோ கிருமிநீக்கத்திலோ ஓட்டை: பிரஷ், கரைசல், தாமதம், கழுவு மெஷினில் மாட்டாமல் விட்ட இணைப்புக் குழாய் என்று தேடுங்கள். தானியங்கி மெஷினில் ஒரு சேனலின் இணைப்பு கழன்றிருந்தால் அந்தச் சேனலுக்கு மட்டும் மருந்தே போயிருக்காது; வெளியே பளபளவென்று இருக்கும். சூடோமோனாஸ் வந்தால் தண்ணீரையும் உலர்த்தலையும் பாருங்கள்: ஃபில்டர் எப்போது மாற்றியது, தண்ணீர் பாட்டில் தினமும் ஸ்டெரிலைஸ் ஆகிறதா. காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா என்றால் மெஷினின் உள்குழாயும் தண்ணீர் லைனும். தோலில் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் மட்டும் என்றால் அலமாரி, கை, அல்லது மாதிரி எடுத்த விதம். ரிப்போர்ட் வந்த ஸ்கோப்பைக் காரணம் தெரிந்து மறு கல்ச்சர் சுத்தமாகும் வரை ஓரம் வையுங்கள்.

ஓ.பி.ஏ. தொட்டியையும் பார்த்துவிடலாம். 0.55 சதவீதத்தில் தொடங்கும் மருந்து 0.3 சதவீதத்துக்குக் கீழே போனால் வேலை செய்யாது. ஈரத்தோடு முக்கிய ஒவ்வொரு ஸ்கோப்பும் அதை நீர்த்துப்போகச் செய்கிறது. 14 நாள் ஆகவில்லையே என்று தேதியை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு தடவையும் சோதனைத் தாளை வைத்துப் பாருங்கள்.

குடல் சவ்வு வெளுக்கிறது, அல்லது மறுநாள் ரத்தபேதி

நோயாளியின் உடம்பில் தெரியும் அறிகுறியும் சேனலைப் பற்றிச் சொல்லலாம். ஸ்கோப் உள்ளே போகும்போதே தண்ணீர் பட்ட இடம் பனி விழுந்த மாதிரி வெளுத்து, நுண்குமிழ் எழுந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு சேனலில் மிச்சம் இருக்கிறது. குளூட்டரால்டிஹைடு மிச்சம் இருந்தால் ஓரிரு நாளுக்குள் வயிற்று வலியும் ரத்தபேதியும் வரலாம்; டாக்டர்கள் வேறு வியாதி என்று தேடிக்கொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் காரணம் அலசல் போதாதது. காற்று-தண்ணீர்ச் சேனலையும் ஜெட்டையும் மறந்துவிட்டுப் பெரிய சேனலை மட்டும் அலசியிருப்பார்கள். ஓ.பி.ஏ.வுக்கு ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரில் மூன்று அலசல் கட்டாயம். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காக அடிக்கடி வருபவர்களின் சிஸ்டோஸ்கோப்புக்கு (சிறுநீர்ப்பை பார்க்கும் ஸ்கோப்புக்கு) ஓ.பி.ஏ. கூடவே கூடாது, கடுமையான ஒவ்வாமை வந்திருக்கிறது.

ஈ.ஆர்.சி.பி. ஸ்கோப்

நுனியில் ஃபோர்செப்ஸைத் தூக்கும் சின்ன நெம்புகோல் இருக்கிறதே, அதன் முதுகுப் பக்கம்தான் இந்தத் தொழிலிலேயே மிக மோசமான இடுக்கு. 2012-இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில், ஆன்டிபயாட்டிக் மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் பரவியபோது தேடித் தேடி ஒரு ஈ.ஆர்.சி.பி. ஸ்கோப்பில் போய் நின்றார்கள். கழற்ற முடியாத மூடியோடு வந்த புது வடிவமைப்பு அது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பழுப்புப் படலம். கழுவியவர்கள் விதிப்படிதான் கழுவியிருந்தார்கள். 2019-இல் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க எஃப்.டி.ஏ. கழற்றி எறியும் மூடியுள்ள, அல்லது முழுக்கவே ஒருமுறைப் பயன்பாட்டு ஸ்கோப்புகளுக்கு மாறச் சொன்னதற்கு இப்படிப்பட்ட சம்பவங்கள்தான் பின்னணி.

பழைய மாடல் வைத்திருப்பவர்கள் நெம்புகோலை முழுசாக உயர்த்தி ஒரு முறை, முழுசாக இறக்கி ஒரு முறை, இரண்டு நிலையிலும் அதற்கென்று உள்ள சின்ன பிரஷால் தேய்த்து, இரண்டு நிலையிலும் பீய்ச்சி, நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மருந்தில் இருக்கும்போதும் காற்றில் உலரும்போதும் நெம்புகோல் எந்த நிலையில் நிற்க வேண்டும் என்று கையேட்டில் குறித்திருந்தால் அதை விடாதீர்கள். நெம்புகோல் கம்பிக்குத் தனிச் சேனல் உள்ள மாடலில் அதைச் சின்னச் சிரிஞ்சால்தான் தள்ள முடியும். மறுமுனையில் தண்ணீர் வந்ததைக் கண்ணால் பார்க்கும் வரை அது கழுவப்பட்டதாக எழுத வேண்டாம்.

சர்வீஸுக்கு அனுப்பும்போது

லீக் இல்லாத ஸ்கோப் என்றால் கழுவிக் கிருமிநீக்கி உலர்த்தியே அனுப்புங்கள். லீக் உள்ளதை எப்படிக் கையாள்வது என்று கம்பெனியிடம் கேட்டு அதன்படி செய்து, ‘கிருமிநீக்கம் ஆகவில்லை’ என்று பையின் மேல் பெரிதாக எழுதிவிடுங்கள். விமானத்தில் போகிறதென்றால் ஈ.டி.ஓ. மூடி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சீட்டில் ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் அங்கே இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. ‘காற்று வருகிறது, தண்ணீர் இடப்பக்கம் தெறிக்கிறது, வால்வு மாற்றிப் பார்த்தாயிற்று’, ‘பிரஷ் பயாப்ஸி வாயிலிருந்து ஒரு முழம் போனதும் தட்டுகிறது’ என்று எழுதுங்கள். எந்த மருந்து, எந்த மெஷின், கடைசியாக எந்தத் தேதியில் நன்றாக இருந்தது என்பதையும் சேர்த்தால், திரும்பி வரும்போது அதே கோளாறோடு வராது.